ஊரின் கடமை, பெற்றோரின் கடன்: அமெரிக்க யூதப் பள்ளிகள்

அமெரிக்காவில் ஒரு யூதக் குழந்தை தன் சமயத்தைக் கற்றுக்கொள்ளப் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. பக்கத்து அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படித்துக்கொண்டு, ஞாயிறு காலையிலும் வாரத்தில் ஓரிரு மாலைகளிலும் தொழுகைக்கூடத்தில் நடக்கும் சமய வகுப்புக்குப் போகலாம். இல்லையென்றால் யூத மறைநூலான தோராவும் கணிதமும், எபிரேயமும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கும் யூத முழுநாள் பள்ளியில் சேரலாம். இந்த இரண்டாம் வகைப் பள்ளிகளில் 1998-99 கல்வியாண்டில் ஏறத்தாழ 1,85,000 மாணவர்கள் படித்தார்கள். 2013-14இல் அந்த எண்ணிக்கை 2,55,000 ஆனது, பள்ளிகள் 861. அதன் பிறகும் வளர்ச்சி நிற்கவில்லை. அரசிடமிருந்து வருவது சொற்பம் என்பதால் செலவின் பெரும்பகுதி பெற்றோர் தலையில்தான் விழுகிறது. நியூயார்க், நியூஜெர்சி, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிகளில் சமயச் சட்டத்தை வழுவாமல் பின்பற்றிக்கொண்டே பொதுவாழ்விலும் கலக்கும் நவீன ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் நடத்தும் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 20,000 டாலரில் தொடங்கி 40,000 டாலர் வரை போகிறது. சில உயர்நிலைப் பள்ளிகளில் அதையும் தாண்டுகிறது. 2023இல் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் ஏறத்தாழ 80,000 டாலர். ஆர்த்தடாக்ஸ் யூதர்களுக்குச் சராசரியாக 3.3 குழந்தைகள் என்கிறது பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கெடுப்பு. நல்ல வேலையில் இருக்கும் கணவனும் மனைவியும் கூட ஏன் இரவில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள் என்பதற்கு இந்த எண்களே போதுமான விளக்கம்.

இச்சமூகத்தில் பெற்றோரின் கவலைகள் தனித்தனியாகவே பேசப்படுகின்றன. கட்டணம் ஒரு கவலை, பள்ளிச் சேர்க்கை இன்னொன்று. இரட்டைப் பாடச்சுமை, கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு இடம் கிடைக்காமை, பண்டிகை விடுமுறைகள், பள்ளி வாசலில் நிற்கும் துப்பாக்கி ஏந்திய காவலர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு அமைக்கப்படுகிறது, ஒரு தீர்வு தேடப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றே நான் கருதுகிறேன். ஊர் முழுவதும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்று யூதச் சட்டம் வகுத்த ஒரு கடமை, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், ஒவ்வொரு குடும்பமும் தன் கைக்காசைக் கொடுத்துத் தனியே வாங்கிக்கொள்ளும் பொருளாகிவிட்டது. கடமையின் வலிமை குறையவில்லை. சுமப்பவர்கள் மட்டும் குறைந்துவிட்டார்கள். இதைச் சரிசெய்யாமல் மற்றவற்றைச் சரிசெய்ய முடியாது.

அந்தப் பழைய சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளைக்குத் தோரா கற்பிப்பது தந்தையின் கடமை என்பதில், யூதச் சட்டமும் விவாதமும் அடங்கிய பழந்தொகுப்பான தல்மூதுக்கு ஐயமில்லை. கைத்தொழில் கற்றுக்கொடுப்பதையும் அதே பட்டியலில் அது சேர்க்கிறது, நீச்சலையும் சேர்க்க வேண்டும் என்போர் கருத்தையும் பதிவு செய்கிறது. ஆனால் அந்தக் கடமை தந்தையோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் அது எதிர்கொண்டது. பாபா பத்ரா என்னும் பகுதியில் வரும் செய்தி இது: தொடக்கத்தில் தந்தை உள்ள பிள்ளை படித்தது, தந்தை இல்லாத பிள்ளை படிக்கவில்லை. எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்திப் பார்த்தார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போகவும் தந்தை வேண்டியிருந்தது. வட்டாரந்தோறும் அமர்த்தி, பதினாறு பதினேழு வயதில் சேர்த்தார்கள். ஆசிரியர் கோபித்தால் அந்த வயதுப் பையன்கள் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தலைமைக் குரு யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி ஆறு ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கும்படி ஏற்பாடு செய்தார். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நாற்பதானால் ஓர் உதவியாளர், ஐம்பதானால் இரண்டு ஆசிரியர்கள், உதவியாளரின் செலவு ஊருடையது என்று எண்ணிக்கை வரை விதி வகுக்கப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் தொகுத்த சட்டநூல், பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லாத ஊரை, ஆசிரியரை அமர்த்தும் வரை சமூக விலக்குக்கு உட்படுத்தச் சொல்கிறது. விலக்கப்படுவது ஊர், ஆசிரியருக்குக் கூலி கொடுக்க முடியாத தந்தை அல்ல.

நடைமுறை எப்போதும் சட்டத்தைப் போல இருந்ததில்லை என்று வரலாறு தெரிந்தவர்கள் மறுப்பார்கள். அது நியாயமான மறுப்பு. கிழக்கு ஐரோப்பாவில் ‘ஹேதெர்’ என்னும் சிறு பள்ளியை ஆசிரியர் தம் வீட்டிலேயே நடத்தினார். கூலியைப் பெற்றோரே கொடுத்தார்கள். ஊர்ப் பணத்தில் நடந்த ‘தல்மூத் தோரா’ பெரும்பாலும் ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் உரியதாக இருந்தது. அதில் படிப்பதைக் குறைவாக நினைத்தவர்களும் உண்டு. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. அங்கே கட்டணம் என்பது ஓர் ஆசிரியரின் சாப்பாட்டுச் செலவு. இன்றைய பள்ளிக்கோ ஆய்வுக்கூடம், விளையாட்டு மைதானம், மனநல ஆலோசகர், கணினி அறை, காப்பீடு, காவல் எல்லாம் வேண்டும். பழைய சிறு செலவிலேயே வசதியுள்ள பிள்ளை ஒரு பக்கம், தருமத்தில் படிக்கும் பிள்ளை ஒரு பக்கம் என்று பிரிவு உண்டானது என்றால், இன்றைய பெருஞ்செலவில் அது எவ்வளவு ஆழமாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்காவுக்கு வந்த யூதர்கள் இந்தப் பள்ளிகளைத் தொடக்கத்தில் விரும்பவே இல்லை. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்தவர்களுக்கு அரசுப் பள்ளி ஒரு வரம். தம்மையும் சமமாக உட்காரவைத்த ஒரு நாட்டின் பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 1886இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் தொடங்கிய எட்ஸ் ஹயீம் போன்றவை விதிவிலக்குகள். 1910இல் நியூயார்க்கில் யூதக் கல்விப் பணியகத்தின் பொறுப்பேற்ற சாம்சன் பெண்டர்லி, அரசுப் பள்ளிக்குத் துணையாக மாலை வகுப்பு என்ற முறையையே வளர்த்தார். 1925இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்ற ஒரிகன் மாநிலச் சட்டத்தைச் செல்லாது என்றபோது, தனிப் பள்ளி நடத்தும் உரிமை உறுதியானது. அதற்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு எவருக்கும் விதிக்கப்படவில்லை. 1937இல் மன்ஹாட்டனில் ராமாஸ் பள்ளியை ரபை (யூத மதகுரு) ஜோசப் லுக்ஸ்டைன் தொடங்கினார். அதே ஆண்டு பாஸ்டனில் ரபை ஜோசப் சொலொவைச்சிக் தொடங்கிய மைமோனிடீஸ் பள்ளி, ஆண்களோடு பெண்களுக்கும் தல்மூத் கற்பித்தது; அந்நாளில் அது துணிச்சலான செயல். ஐரோப்பாவின் கல்விக்கூடங்கள் அடியோடு அழிந்துகொண்டிருந்த 1944இல், நாடெங்கும் பள்ளிகளை நிறுவுவதற்காக தோரா உமெசோரா என்ற அமைப்பு உருவானது. அழிந்ததை இங்கே மீட்க வேண்டும் என்ற தீவிரம்தான் இந்தப் பள்ளிகளைக் கட்டியது. அந்தத் தீவிரம் சில நன்கொடையாளர்களிடமும் பெற்றோரிடமும் இருந்ததே தவிர, சமூகத்தின் பொதுப் பணத்தைப் பிரித்துக்கொடுத்த நகர்க் கூட்டமைப்புகளிடம் இல்லை. 1969இல் அக்கூட்டமைப்புகளின் தேசிய மாநாடு பாஸ்டனில் கூடியபோது, மாணவர்கள் அங்கேயே போய் யூதக் கல்விக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. பிறகு ஒதுக்கீடு வந்தது. ஆனால் பெரும்பாலான பள்ளிகளின் வரவுசெலவில் அது இன்றும் சிறு பங்குதான்.

ஆகவே கட்டணம். இரண்டு பாடத்திட்டம் என்றால் இரண்டு வகை ஆசிரியர்கள். செலவின் பெரும்பகுதி சம்பளம். இத்தனைக்கும் ஆசிரியர்களின் சம்பளம் தாராளமானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்களில் பலர் தம் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை பெற்றுத்தான் அதே பள்ளியில் படிக்கவைக்கிறார்கள். பணம் இல்லாததற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று பள்ளிகள் சொல்கின்றன. அது பெரும்பாலும் உண்மை. அதற்காக அவை படும் பாட்டை மதிக்க வேண்டும். ஆனால் சலுகை எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வருமான வரிக் கணக்கு, வீட்டுக் கடன், கார், கோடை விடுமுறைச் செலவு, தாத்தா பாட்டி கொடுக்கும் உதவி எல்லாவற்றையும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அதை ஒரு குழு பார்த்து, இவ்வளவு கட்ட முடியும் என்று முடிவு செய்யும். பல ஊர்களில் அந்தக் குழுவினர் அதே தொழுகைக்கூடத்தில் பக்கத்து இருக்கையில் அமர்பவர்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியின் உண்மையான செலவைவிடக் கூடுதலான கட்டணத்தை முழுதாகக் கட்டுகிறவர்கள், தங்கள் பணத்தில் மற்றவர் பிள்ளை படிக்கிறது என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். சலுகை பெறுகிறவர்கள், வீட்டுக்கு வண்ணம் பூசினாலும் யாராவது பார்ப்பார்களோ என்று அஞ்சுகிறார்கள். மிகவும் இறுக்கப்படுவது நடுவில் இருப்பவர்கள்: சலுகைக்கு வருமானம் அதிகம், முழுக் கட்டணத்துக்குக் குறைவு. ஊரார் எல்லோரும் ஒரு வரியாகக் கட்டியிருந்தால் இந்த இரு தரப்புக் கசப்பும் எழ வழியில்லை. பெற்றோருக்குள்ளேயே ஒருவர் மற்றவரைச் சுமக்கச் செய்ததுதான் கசப்பின் காரணம்.

இந்தக் கட்டணச் சுமை குடும்ப வாழ்க்கையின் எல்லா மூலைகளுக்கும் போகிறது. வெள்ளி மாலையில் தொடங்கும் ஓய்வுநாளில் கார் ஓட்டக்கூடாது என்பதால் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் தொழுகைக்கூடத்துக்கு நடந்துபோகும் தொலைவில்தான் குடியிருக்க வேண்டும். நியூஜெர்சியின் டீனெக், லாங் ஐலண்டின் ஃபைவ் டவுன்ஸ் போன்ற இடங்களில் வீட்டு விலை அதனாலேயே ஏறியது. யூத உணவு விதிக்கு உட்பட்ட கோஷர் இறைச்சிக்கும் பாஸ்கா பண்டிகை வாரத்துக்கும் தனிச் செலவு. சமயக் கடமைகளை ஏற்கும் சடங்குகளான, பதின்மூன்று வயதுப் பையனின் பார் மிட்ஸ்வாவும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பாட் மிட்ஸ்வாவும் விருந்துகளாக வளர்ந்துவிட்டன. கட்டணத்துக்காகத் தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளியோ இலையுதிர்காலத்தில் ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு தொடங்கி சுக்கோத் திருவிழா முடியும் வரை பாதி நாட்கள் மூடியிருக்கிறது, குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் மதியமே பிள்ளைகளை அனுப்பிவிடுகிறது. அலுவலகத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் விடுப்பெல்லாம் பண்டிகைகளுக்கே சரியாகப் போய்விடும். இன்னொரு குழந்தை வேண்டுமா என்று தம்பதியர் யோசிக்கும்போது பள்ளிக் கட்டணமும் அந்தப் பேச்சில் வந்து உட்காருகிறது. பிள்ளைப் பேற்றைக் கட்டளையாகவே கருதும் ஒரு சமயம், தன் பள்ளிகளின் மூலமே அதற்கு விலை குறித்துவிட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு முரண்பாட்டைக் காட்ட முடியாது.

பணத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குச் சேர்க்கையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில்லை. பள்ளி, தொழுகைக்கூடம், அண்டை வீடு, பிள்ளையின் நண்பர்கள், நாளைக்கு வரப்போகும் சம்பந்தம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருக்கும்போது, சேர்த்துக்கொள்ளவும் மறுக்கவும் ஒரு பள்ளிக்கு உள்ள அதிகாரம் சாதாரணப் பள்ளியின் அதிகாரமாக இருக்காது. தீவிர ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளில் விண்ணப்பத்தோடு வீட்டின் ஒழுங்குக்கும் உறுதிமொழி கேட்கிறார்கள்: இணையத்துக்கு வடிகட்டி உண்டா, தொலைக்காட்சி உண்டா, தாயின் உடை எப்படி. நியூஜெர்சியின் லேக்வுட்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டிய பெண்பிள்ளைகள் சிலர் எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்காமல் கோடையைக் கழிப்பது ஆண்டுதோறும் அங்கே வேதனையோடு பேசப்படும் விஷயம். இத்தகைய இடத்தில் ஒரு தாய் பள்ளியின் குறையைச் சொல்ல வாய் திறப்பாளா? ஆசிரியர் பிள்ளையை அவமதித்தார் என்றோ, வகுப்பில் ஒதுக்கப்படுகிறாள் என்றோ புகார் சொன்னால், அடுத்த பிள்ளையின் சேர்க்கை நினைவுக்கு வரும். பள்ளியைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பேச்சு; பள்ளிதான் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கிறது. ஊரின் பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி ஊரின் பிள்ளையை இப்படித் திருப்பி அனுப்பிவிட முடியாது என்பதே பொதுப் பொறுப்பு வேண்டும் என்பதற்கு, கட்டணத்தைவிட முக்கியமான காரணம்.

பொதுப் பொறுப்பு இல்லாத குறை எல்லாவற்றையும்விடக் கூர்மையாகத் தெரிவது கற்றல் குறைபாடுள்ள பிள்ளையிடம். யூதப் பள்ளியின் ஒரு நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். காலை எட்டு மணியளவில் தொழுகை. பிறகு ஐந்நூல், அதற்கு இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை, பழஞ்சட்டத் தொகுப்பான மிஷ்னா, மேல்வகுப்புகளில் அரமேய மொழியில் தல்மூத். பிற்பகலில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு. நடுநிலை வகுப்பில் நாலரை, ஐந்து மணி ஆகும். உயர்நிலையில் அதற்கும் மேல். வீட்டுப்பாடமும் இரட்டை. ஆறு வயதில் இடமிருந்து வலமாக ஓர் எழுத்துமுறையும், வலமிருந்து இடமாக இன்னொன்றும் ஒன்றாகத் தொடங்குகின்றன. ராஷி உரைக்கு எழுத்து வடிவமே வேறு. இயல்பாகப் படிக்கும் பிள்ளைக்கு இது செழிப்பான படிப்பு, இரு மொழியிலும் கூரிய மனம் வளரும். எழுத்து குழம்பும் பிள்ளைக்கோ ஒரே நாளில் இரண்டு முறை தோல்வி. ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம் தண்டனை. இப்பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சி, உடனிருந்து கவனிக்கும் துணையாள் வேண்டும். அரசுப் பள்ளியில் சட்டப்படி இவை இலவசம். யூதப் பள்ளியில் சில இடங்களில் கிடைக்கும், பல இடங்களில் கட்டணத்துக்கு மேல் தனியாகக் கட்ட வேண்டும், இன்னும் பல இடங்களில் ‘இந்தப் பிள்ளைக்கு இது ஏற்ற இடமல்ல’ என்ற மென்மையான சொல்தான் கிடைக்கும். அப்போது அக்காவும் தம்பியும் ஒரு பள்ளிக்கும் நடுப்பிள்ளை வேறு பள்ளிக்கும் போவார்கள். அந்த நடுப்பிள்ளைக்குக் குடும்பத்தின் பண்டிகையும் பாட்டும் மட்டும் அரைகுறையாகத் தெரியும்.

அமெரிக்க நீதிமன்றங்களில் இத்தகைய பிள்ளைகளுக்கான உதவியை வைத்துப் பல முறை வழக்கு நடந்திருக்கிறது. 1985இல் உச்ச நீதிமன்றம், அரசு ஆசிரியர்கள் சமயப் பள்ளிக் கட்டடத்துக்குள் போய்க் கற்பிக்கக் கூடாது என்றது. பள்ளிக்கு வெளியே தெருவில் நிறுத்திய வண்டிகளில் பாடம் நடந்தது. 1997இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தானே மாற்றியது. இடையில், தீவிர ஆர்த்தடாக்ஸ் பிரிவினரான சாத்மார் ஹசிதியர்கள் மட்டும் வாழும் நியூயார்க்கின் கிரியாஸ் ஜோயல் கிராமத்தில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை வெளியே அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்த்த பெற்றோர், பிள்ளைகள் மிரள்வதைக் கண்டு நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கென்றே மாநிலம் 1989இல் தனிப் பள்ளி மாவட்டம் உண்டாக்கியது. ஒரு சமயக் குழுவுக்கு மட்டும் அரசதிகாரம் கொடுப்பது தவறு என்று 1994இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. சட்டக் கேள்வியில் நீதிமன்றம் சொன்னது சரியாகவே இருக்கலாம். சமூகக் கேள்வி வேறு: சொந்தப் பள்ளிகளில் இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு இடம் கண்ட ஒரு சமூகம், மிகவும் பலவீனமான சில நூறு பிள்ளைகளுக்கு அரசு வாசலில் ஏன் நிற்க வேண்டியிருந்தது? ஒவ்வொரு பள்ளியும் தன் கட்டணத்தில் தானே வாழ வேண்டும் என்றால், அதிகம் செலவு வைக்கும் பிள்ளை அந்தப் பள்ளிக்குச் சுமை. ஊர்ப் பொறுப்பாக இருந்தால் பத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு சிறப்பாசிரியர் குழுவை வைத்துக்கொள்ளும். தல்மூத் சொன்ன ‘தந்தை இல்லாத பிள்ளை’யின் இடத்தில் இன்று இருப்பது இந்தப் பிள்ளைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தனை செலவும் பலன் தருகிறதா? இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. 1990இல் எடுத்த தேசிய யூத மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அண்மையில் மணந்தவர்களில் 52 விழுக்காட்டினர் வேற்றுச் சமயத்தாரை மணந்திருந்தார்கள் என்ற செய்தி சமூகத்தை உலுக்கியது. பள்ளிகளுக்குப் புது ஆதரவு திரண்டது. 2010க்குப் பின் மணந்தவர்களில் அந்தப் பங்கு 61 விழுக்காடு என்றது 2020இன் பியூ ஆய்வு. ஆர்த்தடாக்ஸ் அல்லாதவரை மட்டும் எடுத்தால் 72. முழுநாள் பள்ளியில் படித்தவர்கள் சமயத்தோடும் மொழியோடும் அதிகம் ஒட்டி வாழ்கிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. ஆனால் அது பள்ளியின் பலனா, ஏற்கெனவே ஒட்டி வாழும் குடும்பங்கள்தான் இப்பள்ளிக்கு அனுப்புகின்றன என்பதன் பலனா? ஐயம் சரியானது. இரண்டையும் முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் விலை இறங்கும்போது யார் வருகிறார்கள் என்று பார்த்தால் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும். பிரிட்டனில் யூதப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுக்கிறது. சமயப் பாடத்துக்கும் காவலுக்கும் பெற்றோர் விருப்பத் தொகை தருகிறார்கள். அங்கே யூதப் பிள்ளைகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் யூதப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களில் தீவிரப் பற்று இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. டொரோண்டோவின் டானன்பாம்சாட் உயர்நிலைப் பள்ளியில் கட்டணம் ஏறத்தாழ 28,000 கனடா டாலருக்கு ஏறி மாணவர்கள் குறைந்துகொண்டு போனபோது, 2017இல் பெரும் நன்கொடை ஒன்றின் துணையால் கட்டணம் 19,000க்குக் கீழே வந்தது. சேர்க்கை மீண்டும் உயர்ந்தது. எதிர்ப்பக்கம், அமெரிக்காவில் ஆர்த்தடாக்ஸைவிடத் தளர்வான கன்சர்வேட்டிவ் பிரிவின் சாலமன் ஷெக்டர் பள்ளிகள் 1998இல் 63 இருந்தன, 2013இல் 39. ஆர்த்தடாக்ஸ் பெற்றோருக்கு இப்பள்ளி கட்டாயம் போல. கடன் பட்டாவது அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு விருப்பம். விலை ஏறினால் விட்டுவிடுவார்கள். ஆகக் கட்டணம், இக்கல்வி யாருக்கு மிகவும் புதிதோ அவர்களையே முதலில் வடிகட்டி வெளியே விடுகிறது.

இன்னொரு மறுப்பு குடியுரிமை சார்ந்தது: பிள்ளைகளைச் சமயவாரியாகப் பிரித்து வளர்த்தால் பொதுச் சமூகம் என்ன ஆகும்? பெரும்பாலான யூதப் பள்ளிகளைப் பொறுத்தவரை இந்த அச்சம் மிகை. அவற்றின் மாணவர்கள் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் நாட்டின் பொது வாழ்வில் கலந்தே இருக்கிறார்கள். ஆனால் நியூயார்க்கின் ஹசிதியப் பள்ளிகள் சிலவற்றில், குறிப்பாக ஆண்பிள்ளைகளுக்கு, ஆங்கிலமும் கணிதமும் பெயரளவுக்கே கற்பிக்கப்படுவது மறுக்க முடியாத குறை. தனியார் பள்ளிக் கல்வி அரசுப் பள்ளிக்குப் பெருமளவு நிகராக இருக்க வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்கிறது. அப்பள்ளிகளில் படித்தவர்களே 2012இல் யாஃபெட் என்ற அமைப்பை உண்டாக்கிக் கேள்வி எழுப்பினார்கள். 2022 செப்டம்பரில் மாநிலக் கல்வி வாரியம் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த விதிகளை ஏற்றது. அதைச் சமயத்தின் மீதான தாக்குதலாகப் பார்க்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. கைத்தொழில் கற்றுக்கொடுப்பதும் தந்தையின் கடமை என்று சொன்னது அவர்கள் நாளெல்லாம் ஓதும் அதே தல்மூத்தானே. தம் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று நினைக்கும் ஹசிதியப் பெற்றோர் இல்லாமல் இல்லை. சொன்னால் சேர்க்கை போய்விடும் என்பதால் சொல்வதில்லை. ஊர் பணம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதில், ஊர் கணக்குக் கேட்க வேண்டும் என்பதும் அடங்கும்.

அரசே கொடுத்துவிட்டால் என்ன என்று இப்போது பலர் கேட்கிறார்கள். 2002இல், அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குத் தரும் கிளீவ்லாந்தின் கல்விச் சீட்டுத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது முதல் வழி திறந்துவிட்டது. ஃபுளோரிடா 2023இல் வருமான வரம்பு இல்லாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் உதவித்தொகையைத் திறந்தது. அது பிள்ளை ஒன்றுக்கு ஏறத்தாழ 8,000 டாலர். வடக்கிலிருந்து யூதக் குடும்பங்கள் அங்கே இடம்பெயர்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2025இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம், உதவித்தொகை அமைப்புகளுக்குக் கொடுப்போருக்கு 2027 முதல் 1,700 டாலர் வரை வரிக்கழிவு தருகிறது, சேர விரும்பும் மாநிலங்களில். பெற்றோருக்கு இது உண்மையான ஆறுதல். வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இதை முழு விடை என்று நினைப்பது தவறு. ஃபுளோரிடாவைப் போன்ற திட்டம் எதுவும், மாணவர்கள் மிகுதியாக வாழும் நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் இல்லை. ஓர் ஆட்சி கொடுப்பதை அடுத்த ஆட்சி எடுக்கலாம். அரசுப் பணம் அரசின் கேள்விகளோடு வரும்: அரசு உதவி பெறும் லண்டனின் ஜே.எஃப்.எஸ். பள்ளி, தாய் யூதரா என்று பார்த்துச் சேர்த்தது இனப் பாகுபாடு என்று 2009இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு தொழுகைக்கூட வருகையை எண்ணும் நிலை வந்தது. காவல் செலவு மட்டும் வேறு வகை. 2012இல் துலூஸ் நகர யூதப் பள்ளி வாசலில் ஆசிரியர் ஒருவரும் மூன்று குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டதற்கும், 2018இல் பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் பதினொருவர் இறந்ததற்கும் பிறகு, பள்ளி வாசலைக் காப்பது அரசின் கடமை. அதைப் பெற்றோர் கட்டணத்தில் சேர்ப்பது அநீதி.

கடைசியாக வரும் மறுப்பு வீட்டுக்கு மிக அருகில் எழுவது: பிள்ளை இல்லாதவரும், பிள்ளைகளை வளர்த்து முடித்தவரும், அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறவரும் ஏன் கொடுக்க வேண்டும்? அமெரிக்காவில் யூத அமைப்பு எதற்கும் வரி வாங்கும் அதிகாரம் இல்லை. எல்லாம் விருப்பத்தின்மேல் நடக்கிறது. உண்மை. ஆனால் கூட்டுத் தொழுகைக்குக் குறைந்தது தேவைப்படும் பத்துப் பேர், நாளை ரபையாகவும் ஆசிரியராகவும் வரவேண்டியவர்கள், முதியவர் இல்லத்தைக் கவனிக்க வேண்டியவர்கள், இவர்களெல்லாம் இப்பள்ளிகளில் இருந்துதான் பெருமளவு வருகிறார்கள். அந்தப் பலனைச் சமூகம் முழுவதும் அனுபவிக்கிறது. செலவை மட்டும் பதினைந்து இருபது ஆண்டு ஒரு தலைமுறைப் பெற்றோர் தனியே கட்டுகிறார்கள். 2009இல் நியூஜெர்சியின் பெர்கன் மாவட்டத்தில், பள்ளியில் பிள்ளை உள்ளவர் இல்லாதவர் எல்லோரும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுக்கும் பொது நிதி தொடங்கப்பட்டது. சேர்ந்த பணம் தேவைக்கு முன் சிறியதுதான். ஆனால் செலுத்தவேண்டியவர் யார் என்பதை அது சரியாகச் சொன்னது. நிரந்தர வைப்பு நிதிகள், பள்ளிகள் இணைந்து நிர்வாகத்தையும் சிறப்பாசிரியர்களையும் பகிர்வது, தொழுகைக்கூட உறுப்பினர் சந்தாவிலேயே கல்விப் பங்கு, உயிலில் ஒரு விகிதம் என்று வழிகள் தெரிந்தவைதாம். பெரிய பெயர்ப்பலகையோடு புதுக் கட்டடம் கட்டித்தரும் கொடையாளர்கள், அதே தொகையைக் கட்டணம் குறைக்கும் நிதியில் போட்டால் பலன் அதிகம். தங்கள் கடைசிப் பிள்ளையின் கட்டணத்தைக் கட்டி முடித்த பெற்றோரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்: அடுத்த செப்டம்பரிலும் நிறுத்தாமல், முன்பு கட்டியதில் பத்தில் ஒரு பங்கையாவது, பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்காகக் கட்டிக்கொண்டிருங்கள்.